மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியதும் தலைக்குள் கரண்ட் அடிப்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வயது 58. மனச்சோர்வுக்காக நான்கு ஆண்டுகளாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எடுத்துவந்தார். நன்றாகத் தேறிவிட்டார் என்று மருத்துவர் இரண்டு வாரம் 5 மில்லிகிராம் கொடுத்துவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார். நிறுத்திய நான்காம் நாளிலிருந்து தலைக்குள் கரண்ட் அடிக்கிறது, நடந்தால் தள்ளுகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் போய்விட்டது. அது தொடங்கி இன்றோடு ஒன்பது நாள். “மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள்” என்கிறார் சித்தி. “நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுசு முழுக்க மாத்திரைதான்” என்கிறார் மாமா. இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். அடிமையாக்காத மாத்திரை என்றுதானே ஆரம்பத்தில் சொன்னார்கள், அப்புறம் ஏன் இப்படி என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் சித்தி சொல்வதும் மாமா சொல்வதும் பொருந்தவில்லை. இது பெரும்பாலும் உடல் அந்த மருந்துக்குப் பழகிப்போனதால், மருந்து சட்டென்று விலகியதும் வருகிற அறிகுறி. மனநல மருந்துகளில் பயிற்சி உள்ள யாரும் இந்த விவரத்தைக் கேட்டதும் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். ஆனால் அம்மாவை நேரில் பார்த்துச் சோதிக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. கீழே எழுதுவது அவருடைய மருத்துவரிடம் நீங்கள் தெளிவாகப் பேசுவதற்காக.

மற்றதைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மாத்திரை அட்டையை எடுத்து, பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ அல்லது அதுபோல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சேர்மானத்தில் குளோனாசிபாம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் எஸ்சிடலோபிராமும் குளோனாசிபாமும் ஒரே மாத்திரையாக அடைத்து மிகப் பரவலாக எழுதப்படுகின்றன. குளோனாசிபாம் வேறு குடும்பம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் பென்சோடயசிபைன். பல மாதங்கள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அப்படி இருந்தால் நாளைவரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரை அழையுங்கள். இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குறைப்பதும் நல்ல வழி அல்ல. இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த அறிகுறி எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி ‘அடிமை’ என்ற சொல். போதைக்கு அடிமையானவருக்கு அந்தப் பொருள் மேல் ஏக்கம் இருக்கும், அளவைக் கூட்டிக்கொண்டே போவார், வேலையையும் வீட்டையும் விட்டு அதைத் தேடிப் போவார். மனச்சோர்வு மாத்திரையில் இது நடப்பதில்லை. அம்மா நான்கு ஆண்டும் அதே 10 மில்லிகிராமில்தான் இருந்தார், மூன்று மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அந்த அர்த்தத்தில் ‘அடிமையாக்காது’ என்று மருத்துவர் சொன்னது உண்மை. ஆனால் உடல் பழகிப்போதல் என்று இன்னொன்று இருக்கிறது. நீண்ட நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர் அதை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது என்பது நம் வீடுகளில் பலருக்கும் தெரியும். இரத்த அழுத்தத்துக்கான குளோனிடினும் நெஞ்சுப் படபடப்புக்கான புரோப்ரனலோலும் அப்படியே. அவற்றை எடுப்பவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. மனச்சோர்வு மாத்திரையும் அந்த வரிசைதான். இது மனத்தின் பயம் அல்ல என்பதற்கு இரண்டு வலுவான சான்றுகள் உண்டு. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு டுலாக்ஸெட்டினும், மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூட்டுக்கு வென்லாஃபாக்ஸினும் (இரண்டும் மனச்சோர்வு மாத்திரைகள்தான்) எடுப்பவர்களில் பலருக்கு மனச்சோர்வே இருந்திருக்காது. திடீரென்று நிறுத்தினால் அவர்களுக்கும் இதே கிறுகிறுப்பு, இதே குமட்டல் வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் இந்த மருந்தை எடுத்திருந்தால், பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் ஓயாத அழுகையும் வரலாம். குழந்தைக்கு ‘நோய் திரும்பிவிடுமோ’ என்ற பயம் எங்கே இருக்கப்போகிறது?

உள்ளே நடப்பது இது. நரம்பு செல்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகின்றன, வேலை முடிந்ததும் ஒரு கடத்திப் புரதத்தின் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின், ஃபுளூவாக்ஸெட்டின் எல்லாம் அந்தக் கடத்தியை அடைக்கின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைப்பு நீடிக்கும்போது மூளை அதற்கேற்ப, செரோட்டோனினைப் பிடித்துக்கொள்ளும் தன் ஏற்பிகளைத் தணித்துக்கொள்கிறது. மருந்து இருப்பதே அதற்கு இயல்பு நிலை ஆகிவிடுகிறது. மருந்து விலகிப்போவது நாள் கணக்கு. தணிந்த ஏற்பிகள் பழைய நிலைக்கு வருவதோ வாரம், மாதக் கணக்கு. இந்த இடைவெளியில்தான் அறிகுறிகள் வருகின்றன. இதுவரை சொன்னது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். தலையில் ஷாக் அடிப்பது மூளையின் எந்தப் பகுதியில் எப்படி உண்டாகிறது என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி. கண்ணைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்பும்போது அது அதிகமாக வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். இருக்கிறது என்றால் அது நல்ல தடயம்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது முக்கியம். வென்லாஃபாக்ஸினுக்குச் சுமார் 5 மணி நேரம், உடலுக்குள் அது மாறி உண்டாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி. அதனால்தான் ஒரு வேளை மாத்திரை தவறினாலே சிலருக்கு அன்று மாலை தலை சுற்றுகிறது. பராக்ஸெட்டினுக்குச் சுமார் ஒரு நாள், எஸ்சிடலோபிராமுக்கு 30 மணி நேரம் அளவில். ஃபுளூவாக்ஸெட்டின் மட்டும் விலக்கு. அதற்கு நாள் கணக்கு, அதன் வழிப்பொருளுக்கு ஒன்று இரண்டு வாரம்கூட ஆகும். அது தானாகவே மெல்ல இறங்குவதால் தொல்லை பொதுவாகக் குறைவு, வந்தாலும் சில வாரம் கழித்து வரும். அப்போது நிறுத்தியதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதே யாருக்கும் தோன்றாது.

நோய் திரும்பியதா, மருந்து விலகியதா என்று எப்படிப் பிரிப்பது? மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது காலம். விலகல் அறிகுறி பெரும்பாலும் நிறுத்திய அல்லது குறைத்த சில நாட்களுக்குள் வந்துவிடும். மனச்சோர்வு பொதுவாக வாரங்கள், மாதங்களில் மெல்லப் படியும். இரண்டாவது புதுமை. நான்கு ஆண்டுக்கு முன் அம்மாவுக்கு நோய் வந்தபோது தலையில் ஷாக் அடித்ததா, தரை ஆடியதா? இல்லை என்றால் பழைய நோய் திரும்பியதால் அது வந்திருக்க வாய்ப்பில்லை. குமட்டல், வியர்வை, ஜுரம் வந்தாற்போல் உடம்பு வலி, அச்சுறுத்தும் கனவுகள், பொறுக்கமுடியாத எரிச்சல் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். மூன்றாவது, மருந்தைத் திரும்பக் கொடுத்தால் நடப்பது. விலகல் என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் தணியும். திரும்பிய மனச்சோர்வு அதே மாத்திரையால் தணிய வாரங்கள் ஆகும். ஆனாலும் இந்தப் பிரிப்பு எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. அழுகை, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை இரண்டுக்கும் பொது. நிறுத்திய அதிர்ச்சியே உண்மையான நோயையும் கிளப்பிவிடலாம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தால்தான் பலர் கிறுகிறுப்புக்குக் காது மருத்துவரிடமும், ஷாக்குக்குத் தலை ஸ்கேனுக்கும் அலைகிறார்கள். ‘சமீபத்தில் எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்?’ என்ற ஒரு கேள்வி அந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

உங்கள் அம்மா ஒரேயடியாக நிறுத்தவில்லையே, 5 மில்லிகிராமில் இரண்டு வாரம் இருந்தாரே, பிறகு ஏன்? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள், மருத்துவர்களும்கூட. மில்லிகிராமைப் பாதியாக்கினால் மூளையில் மருந்தின் வேலையும் பாதியாகும் என்று நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. மூளையை ஸ்கேன் செய்து, எத்தனை சதவீதக் கடத்திகள் அடைபட்டிருக்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். எஸ்சிடலோபிராமின் மூலமருந்தான சிடலோபிராமில் 20 மில்லிகிராம் சுமார் 80 சதவீதத்தை அடைக்கிறது. அதை 60 மில்லிகிராமாக உயர்த்தினாலும் 88க்கு மேல் போவதில்லை. கீழே இறங்கும்போது 9 மில்லிகிராமிலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. 5.4 மில்லிகிராமில் 60, 3.4இல் 50, 2.3இல் 40, 1.5இல் 30, 0.8இல் 20. அதாவது முதல் பாதியைக் குறைத்தபோது அடைப்பு பத்து சதவீத அளவுதான் இறங்குகிறது. மீதிப் பாதியையும் நிறுத்தியபோது எழுபது சதவீதம் சில நாளில் சரிகிறது. எஸ்சிடலோபிராமில் ஏறக்குறைய இதில் பாதி மில்லிகிராமை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா 10இலிருந்து 5க்கு வந்தபோது ஒன்றும் தெரியாமல் இருந்ததும், 5இலிருந்து சைபருக்கு வந்தபோது சாய்ந்ததும் இதனால்தான். மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது மேல்படிகளில் நிதானமாக வந்துவிட்டு, பாதி மாடி உயரத்திலிருந்து குதித்தது போல.

மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு லண்டன் ஆய்வாளர்கள், அளவுக்கும் அடைப்புக்கும் உள்ள இந்த உறவை வைத்து 2019இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அளவு குறையக் குறைய, குறைக்கும் படியும் சிறிதாக வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில், ‘இப்போது எடுக்கும் அளவில்’ பத்து முதல் இருபத்தைந்து சதவீதம், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கலாம். கவனியுங்கள், ஆரம்ப அளவில் அல்ல, இப்போதைய அளவில். எஸ்சிடலோபிராம் என்றால், வெட்டக்கூடிய மாத்திரைத் துண்டுகளை வைத்து 10, 7.5, 5, 3.75, 2.5, 1.25, பிறகு அதிலும் பாதி என்று ஒரு இறக்கம் வரும். இதில் சில படிகள் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டும், அங்கே இடையில் இன்னும் சிறிய படி வேண்டியிருக்கலாம். சில வாரமே மருந்து எடுத்தவருக்கு இத்தனை நீளம் வேண்டாம். வருடக்கணக்கில் எடுத்தவருக்கு இது பல மாதம் ஆகலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை. இந்த முறைக்கு மருந்தியல் அடிப்படை வலுவாக இருக்கிறது, நெதர்லாந்தில் படிப்படியாகக் குறையும் அளவுகளில் நாள்வாரியாக அடைத்த மாத்திரைப் பட்டைகளைப் பயன்படுத்தியவர்களின் அனுபவமும் சாதகமாக இருக்கிறது. ஆனால் வேகமான முறையையும் மெதுவான முறையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய, நீண்ட சோதனைகள் போதவில்லை. நானும் இதை நியாயமான வழி என்றுதான் சொல்கிறேன், நிரூபணமான ஒரே வழி என்று சொல்லவில்லை.

கையில் கிடைக்கும் மாத்திரையை வைத்து இதைச் செய்வதுதான் கஷ்டம். எஸ்சிடலோபிராமில் 5 மில்லிகிராம் மாத்திரை எளிதாகக் கிடைக்கும். மருந்துக் கடையில் விற்கும் மாத்திரை வெட்டியால் அதைப் பாதியாக்கினால் 2.5, கால் ஆக்கினால் 1.25. கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதும் ஒரு துண்டு சிறிதுமாகத் தூளாகும். அதற்கும் கீழே போக ஐரோப்பிய நாடுகளில் ஒரு சொட்டுக்கு ஒரு மில்லிகிராம் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்துதான் திரவமாக்கும் வழியைச் சொல்ல வேண்டும், வீட்டில் கண்ணளவில் கரைக்கக்கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை, பெயரில் சிஆர், ஈஆர், எக்ஸ்ஆர் என்று இருப்பவற்றை, நசுக்கவோ வெட்டவோ வேண்டாம். மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். டுலாக்ஸெட்டின் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளையும் பொடிக்கக்கூடாது, வயிற்று அமிலம் அதைக் கெடுத்துவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். எஸ்சிடலோபிராமில் 48 மணி நேரத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்காகிவிடும், அடுத்த நாள் திரும்ப ஏறும். மூளையை ஒவ்வொரு இரண்டு நாளும் சின்ன விலகலுக்குள் தள்ளி இழுப்பதுதான் அது. தினமும் அதே நேரத்தில் சிறிய அளவு என்பதே சரி. ஒரு நோட்டில் தேதி, அளவு, தலைசுற்றல், தூக்கம், மனநிலை ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண் எழுதி வாருங்கள். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் எண்கள் ஏறி, பிறகு இறங்கி, குறைந்தது ஒரு வாரமாவது சமமாக நின்ற பின்பே அடுத்த படி. தாங்கமுடியாமல் ஏறினால் போன படிக்குத் திரும்பி, அமைதியானதும் அதைவிடச் சிறிய படியாக இறங்க வேண்டும். மகள் கல்யாணம், வீடு மாற்றம், துக்கம் நடந்த வீடு, இந்த நேரங்களில் குறைக்கத் தொடங்காதீர்கள். ஊருக்குப் போகும்போது அட்டை தீர்ந்துபோவதும், வாந்தி பேதியில் மாத்திரை உள்ளே தங்காமல் போவதும் திட்டமில்லாத நிறுத்தங்கள்தான். எப்போதும் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? இந்த எண்ணில்தான் பெரிய சண்டை. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 56 சதவீதம் என்றது. அதில் இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் அதிகம், அதனால் மிகையாக இருக்கலாம் என்று விமர்சனம் எழுந்தது. 2024இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளை, 21,000 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மை மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் அறிகுறி. அப்படியானால் மருந்தால் மட்டும் வருவது ஏழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் இந்தச் சோதனைகளில் பலவற்றில் மருந்தை எடுத்த காலம் சில வாரம், சில மாதம்தான். நான்கு ஆண்டு, பத்து ஆண்டு எடுத்தவர்களுக்கு அதே விகிதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் தொல்லை நீடிப்பது உண்மை. அது எத்தனை பேருக்கு, ஏன் என்பதற்கு நம்பகமான விடை இன்னும் வரவில்லை.

ஏன் முன்பே சொல்லவில்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. இமிப்ரமின் என்ற பழைய மருந்தை நிறுத்தினால் தொல்லை வருகிறது என்பது 1950களின் கடைசியிலேயே எழுதப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் மனச்சோர்வு பற்றிய விழிப்புணர்வு இயக்கம் ஒன்று நடந்தது. அதற்கு முன் எடுத்த கருத்துக் கணிப்பில் 78 சதவீதம் பேர் இந்த மாத்திரைகள் அடிமையாக்கும் என்று நம்பினார்கள். சிகிச்சைக்கு வரவேண்டியவர்கள் பயந்து ஒதுங்கிவிடக்கூடாது என்பதற்காக, அடிமையாக்காது என்று அழுத்திச் சொல்லப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் அந்த ஒரு சொல்லின் நிழலில் உடல் பழகிப்போவது மறைந்துபோனது. நிறுத்தினால் வரும் தொல்லை லேசானது, ஒரு வாரத்தில் போய்விடும் என்பதே அங்கே தேசிய வழிகாட்டியின் வாசகமாகப் பல ஆண்டுகள் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 2017இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் வேல்ஸ் சட்டமன்றத்துக்கும் மனு கொடுத்து, தங்கள் அனுபவங்களை எழுத்தில் குவித்தார்கள். 2019 மே மாதத்தில் அங்குள்ள மனநல மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வழிகாட்டியும் திருத்தப்பட்டது: சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்குக் கடுமையாக, மாதங்கள்கூட நீடிக்கலாம் என்று. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் மட்டும் ஓர் ஆண்டில் 73 லட்சம் பேருக்கு இந்த மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. அறிவை மாற்றியது ஆய்வகம் அல்ல, நோயாளிகள் விடாமல் சொன்னதுதான். முதல் மருந்துச் சீட்டு எழுதும் நாளிலேயே ‘இதை நிறுத்தும்போது மெல்லத்தான் இறக்க வேண்டும்’ என்று சொல்லிவிட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஒவ்வொரு நோயாளிக்கும் உரியது.

இதைப் படித்துவிட்டு, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் வேறு யாராவது பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடக்கூடாது என்பது என் பெரிய கவலை. திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதற்குத்தான் மேலே சொன்ன அத்தனையும் காரணம். பலருக்கு இந்த மருந்து உயிரைக் காத்திருக்கிறது. பிரிட்டனில் நீண்டகாலமாக மருந்து எடுத்து, நன்றாக இருந்த 478 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான சோதனையில், தொடர்ந்து எடுத்தவர்களில் ஓராண்டுக்குள் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்திய பலர் நன்றாக இருந்தார்கள், தொடர்ந்த சிலருக்கும் திரும்பியது. திரும்பியதாகக் கணக்கிட்டதில் எவ்வளவு விலகல் கலந்திருந்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. மூன்று நான்கு முறை கடுமையாக நோய் வந்தவர், தற்கொலை முயற்சி செய்தவர் தொடர்வதே நல்லதாக இருக்கலாம். மாமா சொன்ன ‘ஆயுசு முழுக்க’ என்ற தீர்ப்பை இந்த ஒன்பது நாள் கிறுகிறுப்பை வைத்து யாரும் எழுதக்கூடாது என்பதே என் வாதம்.

இப்போது அம்மாவுக்கு. நாளை காலை மருத்துவரை அழைத்து, எந்தத் தேதியில் 10இலிருந்து 5க்கு இறங்கினார், எந்தத் தேதியில் நின்றார், எந்த நாள் என்ன தொடங்கியது என்று வரிசையாகச் சொல்லுங்கள். ‘இது விலகல் அறிகுறியாக இருக்குமா, 5 மில்லிகிராமைத் திரும்பத் தொடங்கி மெதுவாக இறக்கலாமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். நிறுத்தி அதிக நாள் ஆகாததால் திரும்பத் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, மாதங்கள் கழித்துத் தொடங்கினால் அது நிச்சயமில்லை. தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டு மாத்திரையோ, பதற்றத்துக்கு வேறு எதுவுமோ கொடுக்காதீர்கள். தலை சுற்றும்வரை இரவில் கழிவறைக்குத் தனியாகப் போகவிட வேண்டாம், இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். ஒரு இடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு, இரண்டு இரவு தூங்காமலும் களைப்பே இல்லாத பரபரப்பு, வலிப்பு, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. மருந்தைத் திரும்பத் தொடங்கினால் முதல் மூன்று நாள் அந்த நோட்டில் காலையும் மாலையும் எண் போடுங்கள். மூன்றாம் நாளுக்குள் ஷாக்கும் தள்ளாட்டமும் சரசரவென்று இறங்கினால், சித்திக்கும் மாமாவுக்கும் அந்தப் பக்கத்தையே காட்டலாம்.